ஊர்ல நாலு முருகையன், போன்ல நாலு சிட்டா

எங்க ஊருக்கு வந்து "முருகையன் வீடு எதுங்க?" என்று கேட்டால் நேராகப் பதில் வராது. "எந்த முருகையன்?" என்று திருப்பிக் கேட்பார்கள். ஊரில் முருகையன்கள் நாலு பேர். பம்புசெட்டு முருகையன், மிலிட்டரி முருகையன், கீழத்தெரு முருகையன், அப்புறம் நெட்ட முருகையன். ரேஷன் கார்டிலும் ஓட்டர் லிஸ்டிலும் எல்லாரும் வெறும் முருகையன்தான். ஊர் வாயில் வெறும் முருகையன் என்று ஒருத்தரும் கிடையாது.

ஒரே பெயர் இப்படித் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் இருக்கு. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற ஊர் இது. பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்ததுதானே. ஒரு தாத்தாவுக்கு அஞ்சு பையன் என்றால் அஞ்சு வீட்டிலும் அதே பெயர் ஓடும். ஒரே குலதெய்வத்தைக் கும்பிடுகிற பங்காளிகள் வேறு. மாமனார் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்று மருமகள்கள் அந்தப் பிள்ளைகளைப் பெரிய தம்பி, சின்னவன் என்று கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற அன்றுதான் சில பிள்ளைகளுக்குத் தன் பெயரே தெரியவரும்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பம்புசெட்டு முருகையன் மாமா எங்க அப்பா காலத்தில் வெறும் முருகையனாகத்தான் இருந்தார். மிலிட்டரிக்காரர் எங்க ஊரில் பொண்ணு கட்டி வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து தங்கிய பிறகுதான் மாமாவுக்கும் அடைமொழி வந்தது. ஊரிலேயே முதலில் மோட்டார் போட்டவர், அதனால் பம்புசெட்டு. வந்தவருக்கு மட்டும் ஒரு அடையாளத்தை ஒட்டிவிட்டு இருந்தவரை அப்படியே விடவில்லை ஊர். இருந்தவருக்கும் சேர்த்தே ஒட்டியது. ரெண்டு பேர் ஆன அன்றைக்கே அந்த வெறும் பெயர் ரெண்டு பேருக்கும் இல்லாமல் போய்விட்டது.

கம்ப்யூட்டர் இதைச் செய்வதில்லை. அதனால் ஒரு பயிர் இன்சூரன்ஸ் போயிருக்கும். அதைச் சொல்லத்தான் முருகையன்களைக் கூப்பிட்டேன்.

உங்க போனில் டவுன்லோட்ஸ் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். திறந்து பாருங்கள். உங்களுக்கு அதில் கரண்ட் பில், சம்பளச் சீட்டு, பிள்ளைகளின் ஃபீஸ் ரசீது என்று கிடக்கும். எங்களுக்கு சிட்டா, வில்லங்கச் சான்று, புலப்படம். பொருள்தான் வேறு, கோலம் ஒன்றுதான். சிட்டா, சிட்டா (1), சிட்டா (2), சிட்டா (3) என்று வரிசையாக நிற்கும். டவுனில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: சிட்டா என்பது நிலம் யார் பெயரில் இருக்கு, எந்தப் புல எண், எத்தனை ஹெக்டேர், நஞ்சையா புஞ்சையா, தீர்வை எவ்வளவு என்று சொல்கிற காகிதம். முன்பு தாலுகா ஆபீசில் நாள்கணக்காக நிற்க வேண்டும். இப்போது வரப்பில் உட்கார்ந்தே இறக்கிவிடலாம், சிக்னல் இருந்தால்.

அந்த சிக்னல்தான் முதல் கோளாறு. எங்க கொல்லையில் தென்னை மரத்தடியில் ஒரு கோடு வரும், களத்துமேட்டில் ரெண்டு கோடு வரும். டவுன்லோடு என்ற பொத்தானை அமுக்கினால் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். இன்னொரு தரம் அமுக்குவோம். மூணாவது தரமும் அமுக்குவோம். காற்று இந்தப் பக்கம் திரும்பியதும் மூணும் வந்து இறங்கும். இறங்கியது ஒரே காகிதம், பெயர் மட்டும் மூணு. ஆண்ட்ராய்டு போனில் குரோம் சில நேரம், ஏற்கனவே இருக்கிறதே, மறுபடியும் இறக்கவா என்று கேட்கும். யார் அதைப் படிக்கிறார்கள்? கை தானாகச் சரி என்ற இடத்துக்குப் போய்விடும்.

இந்த அடைப்புக்குறிக்குள் எண் போடுகிற வேலையைச் செய்வது யார் என்று எங்க வீட்டுப் பையனிடம் ஒருநாள் உட்கார்ந்து கேட்டேன். அவன் கம்ப்யூட்டர் படித்தவன். சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். நாம் கேட்ட காகிதத்தை அனுப்புகிற தளம், அதோடு இன்ன பெயர் என்று ஒரு சீட்டும் சேர்த்து அனுப்புகிறது. பிரவுசர் அந்தச் சீட்டைப் பார்க்கும். நம் ஃபோல்டரில் அதே பெயரில் ஏற்கனவே ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் அப்படியே வைக்கும். இருந்தால் (1) சேர்த்துப் பார்க்கும். அதுவும் இருந்தால் (2). காலியாக ஒரு பெயர் கிடைக்கிற வரைக்கும் இப்படியே போகும்.

ஒவ்வொரு பிரவுசருக்கும் ஒரு கைப்பழக்கம். குரோம் பெயருக்குப் பக்கத்தில் ஒரு இடைவெளி விட்டு அடைப்புக்குறி போடும். ஃபயர்பாக்ஸ் இடைவெளி விடாமல் ஒட்டிப் போடும். எண் வருகிற இடமும் முக்கியம். சிட்டா.பிடிஎஃப் என்றால் சிட்டாவுக்கும் புள்ளிக்கும் நடுவில்தான் எண் நுழையும். கடைசியில் இருக்கிற பிடிஎஃப் என்ற வாலைப் பார்த்துத்தான் விண்டோஸ் இது எந்தச் சாதி ஃபைல், எதைக் கொண்டு திறப்பது என்று முடிவு செய்கிறது. டபிள்யூகெட் என்று பழைய கருவி ஒன்று உண்டாம், கறுப்புத் திரையில் கட்டளை அடித்து ஃபைல் இறக்குவதற்கு. அது வாலுக்கும் பின்னால் புள்ளி வைத்து 1 போடும். சிட்டா.பிடிஎஃப்.1 என்று வந்து நிற்பதை விண்டோஸில் தட்டினால் அது திருதிருவென்று முழிக்கும்.

குரோம் இப்படி நூறு வரைக்கும் முயற்சி செய்யும். (100)-ம் நிரம்பிவிட்டால் எண்ணுவதை நிறுத்திவிட்டுப் பெயரோடு தேதியையும் நேரத்தையும் சேர்த்து எழுதிவிடும். நூறு பேர் ஆனபிறகுதான் பிறந்த நாள் கேட்கத் தோன்றியிருக்கிறது அதற்கு. அதை முதல் ஆளிடமே கேட்டிருக்கலாம் என்பது என் கட்சி. வாட்ஸ்அப் பரவாயில்லை. ஆண்ட்ராய்டில் அதில் வருகிற போட்டோவின் பெயரிலேயே வருசம், மாசம், தேதி எல்லாம் இருக்கும். பெயர் பார்க்க அழகாக இருக்காது, ஆனால் என்றைக்கு வந்தது என்று தெரியும்.

ஒரு விஷயத்தில் பிரவுசரைப் பாராட்டத்தான் வேண்டும். புதுசு வந்ததும் பழசை அழித்துவிட்டு அந்த இடத்தில் உட்கார வைப்பதில்லை. கர்ல் என்று இன்னொரு கட்டளைக் கருவி, தனியாகச் சொல்லாவிட்டால், பழசின் மேலேயே எழுதிவிட்டுப் போய்விடும் என்றான் பையன். பிரவுசர் அப்படிச் செய்தால் என்ன ஆகும் யோசியுங்கள். பழைய வில்லங்கச் சான்றை வைத்திருக்கிறோம். அதே பெயரில் வேறு ஏதோ ஒன்று வந்து இறங்குகிறது. கேட்காமல் கொள்ளாமல் பழசு போய்விடும். அடைத்துக்கொண்டு கிடந்தாலும் பரவாயில்லை, எதையும் இழக்கக்கூடாது என்று முடிவெடுத்த ஆள் வீட்டுப் பெரியவர் மாதிரி புத்திசாலி.

சரி, ரெண்டும் ஒரே காகிதம்தானே, உள்ளே படித்துப் பார்த்து வேண்டாம் என்று விட்டுவிடக்கூடாதா என்று கேட்டேன். முடியாதாம். பெயரை முடிவு செய்கிற நேரத்தில் சரக்கு இன்னும் முழுசாக வந்து சேர்ந்திருக்காது. சீட்டுதான் முதலில் வரும், சரக்கு பின்னால் கொஞ்சம் கொஞ்சமாக வரும். களத்துக்கு லாரி நுழையும்போதே மூட்டைக்கு எண் போட்டுவிடுகிற மாதிரி. உள்ளே இருப்பது பொன்னியா, கருக்காயா என்று அவிழ்த்துப் பார்த்தால்தான் தெரியும். வந்து சேர்ந்த பிறகு ஒப்பிட்டுச் சொல்வதற்குக் கூகுளின் ஃபைல்ஸ் மாதிரி ஆப்கள் இருக்கு. அது தனி வேலை.

ஆக, பிரவுசருக்குத் தெரிந்தது பெயர் மட்டும்தான். உள்ளடக்கம் ஒன்றாக இருந்து பெயர் வேறாக இருந்தால் எண் போடாது. உள்ளடக்கம் வேறாக இருந்து பெயர் ஒன்றாக இருந்தால் போடும். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றும் உண்டு, அதுதான் மோசம்.

அந்த எண் வரிசை எண் கிடையாது. பஸ்ஸில் காலி சீட்டு மாதிரி. சிட்டா, (1), (2), (3), (4) என்று அஞ்சு இருக்கு. நடுவில் (2)-ஐ அழித்துவிட்டால், அடுத்து வருகிற புதுசு (2)-ல்தான் உட்காரும். (4)-ஐ விடப் புதுசு, ஆனால் எண் சின்னது. எண் இல்லாத மூத்ததை அழித்துவிட்டீர்கள் என்றால் இன்னும் வேடிக்கை. இன்றைக்கு இறங்குகிறது எண்ணே இல்லாமல், மூத்த பிள்ளை மாதிரி, வெறும் சிட்டாவாக நிற்கும். நம்மில் பாதிப் பேர் பெரிய எண்தான் புதுசு என்று நினைக்கிறோம். மீதிப் பேர் எண் இல்லாததுதான் அசல், எண் போட்டதெல்லாம் நகல் என்று நினைக்கிறோம். ரெண்டுமே தப்பாகலாம். யாராவது அனுப்பிய சிட்டா (1)-ஐ நாம் மறுபடி இறக்கினால், ஏற்கனவே சிட்டா (1) இருந்தால் சிட்டா (1) (1) என்று வரும். பேரனுக்குப் பேரன்.

இப்போது எங்க பெரியம்மா கதைக்கு வருகிறேன்.

வடக்குத் தெருவில் இருக்கிறார். பெரியப்பா தவறி நாலு வருசம். பெரியப்பாவுக்கும் அவர் தம்பிக்கும் கூட்டுப் பட்டாவாக 10 மா நிலம், வாய்க்காலை ஒட்டி. மா கணக்கு தெரியாதவர்களுக்கு: ஒரு மா 33 சென்ட், மூணு மா சேர்ந்தால் சுமாராக ஒரு ஏக்கர். புல எண் 112/3 என்று வைத்துக்கொள்ளுங்கள், உண்மை எண் வேண்டாம். 10 மாவும் ஒரே எண்ணில், 1.34 ஹெக்டேர். பாகம் பிரித்து, பத்திரம் போட்டு, உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்குவது என்று முடிவானது. அதற்கு மனுப் போடும்போது, ஆனி மாசம், டவுனில் ஒரு சென்டரில் பழைய கூட்டுச் சிட்டாவை இறக்கி பிரின்ட் எடுத்தார்கள். அப்புறம் சர்வேயர் வந்து சங்கிலி பிடித்து அளந்து கல் நட்டார். ஐப்பசியில் புதுப் பட்டா வந்துவிட்டது. பெரியம்மா பெயரில் தனியாக, 112/3ஏ, 0.67 ஹெக்டேர். அதையும் அதே சென்டரில்தான் இறக்கினார்கள். பெரியம்மா அந்தக் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்ததை நான் பார்த்தேன். தன் பெயரில் ஒரு காகிதம் அவருக்கு அதுதான் முதல்.

சம்பாவுக்குப் பயிர்க் காப்பீடு செய்ய வழக்கமாக நவம்பர் 15 கடைசி நாள். அடங்கல், சிட்டா, பாஸ்புக், ஆதார். 13-ம் தேதி போனோம். நல்ல மழை. சென்டர் வாசலில் செருப்புக்கே இடமில்லை. உள்ளே ஒரே ஒரு பையன், ஒரே ஒரு கம்ப்யூட்டர். அன்றைக்கு நெட்டு படுத்துவிட்டது. பெரியம்மா மஞ்சப்பையில் கொண்டுபோன புதுப் பட்டாவின் பிரின்ட் வழியில் நனைந்து மடிப்பில் பிய்ந்துவிட்டது. பையன், "ஒன்னும் கவலப்படாதீங்க ஆத்தா, போன மாசம் எறக்குனது நம்ம சிஸ்டத்துல இருக்கும்" என்று ஃபோல்டரைத் திறந்தான்.

நானும் எட்டிப் பார்த்தேன். ஒரே பெயர். சில தளங்கள் யாருக்கு எந்தக் காகிதத்தை அனுப்பினாலும் ஒரே பெயர்ச் சீட்டைத்தான் ஒட்டி அனுப்பும். அந்தப் பையனின் கம்ப்யூட்டரில் அக்கம்பக்கத்துப் பத்து ஊர் நிலமும் ஒரே பெயரில், அடைப்புக்குறிக்குள் எண் மட்டும் மாறி, திரை நிறையக் கிடந்தது. நடு நடுவே எண் விட்டுப்போயிருந்தது. இடம் அடைக்கிறது என்று அவ்வப்போது கொஞ்சம் அழிப்பானாம்.

ஒவ்வொன்றாகத் திறந்தான். நாலாவதிலோ அஞ்சாவதிலோ எங்க ஊர் வந்தது. 112/3. பெரியப்பா பெயரும் இருந்தது. "இதான்" என்று பிரின்ட் கொடுத்துவிட்டான். அடுத்த ஆள் டோக்கனை நீட்டிவிட்டார்.

பிரின்ட் சூடாக வெளியே வந்ததும் வாங்கிப் பார்த்தேன். 112/3-க்குப் பின்னால் ஏ இல்லை. பரப்பு 1.34. பெயர் ரெண்டு: பெரியப்பா, சித்தப்பா. ஆனி மாசத்துக் கூட்டுச் சிட்டா. புதுசிலும் பெரியப்பா பெயர் உண்டு, ஆனால் அது பெரியம்மா பெயருக்குப் பக்கத்தில் கணவர் பெயராக. பையன் கண்ணில் பட்டது ஊரும் எண்ணும் ஒரு பெயரும். மூணும் சரியாகத்தான் இருந்தது. கிராம நிர்வாக அலுவலர் கொடுத்த அடங்கலில் இருந்ததோ பெரியம்மா பெயர், 112/3ஏ. அடங்கல் ஒன்று சொல்ல, சிட்டா வேறொன்று சொல்ல, மனு போயிருக்கும். மார்கழியில் வெள்ளம் வந்து பயிர் சாய்ந்த பிறகு யாராவது ரெண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ரெண்டும் பொருந்தவில்லை என்று ஒதுக்கிவிட அது போதும். 5 மா சம்பாவுக்கு உழவு, நாற்று, நடவு, உரம் என்று பெரியம்மா போட்டது சங்கத்துக் கடனும் சங்கிலியும்.

"தம்பி, இது பழசு. இன்னொன்னு இருக்கும் பாருங்க" என்றேன்.

"இல்லண்ணே, இதுக்கு மேல நம்பர்ல உங்க ஊரே இல்ல. இதான் கடைசி" என்றான். அவன் சொன்னது நியாயம்தான். கடைசி எண்ணிலிருந்து பின்னோக்கிப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறான், புதுசு மேலே இருக்கும் என்று.

கீழே போகச் சொன்னேன். தேதிப்படி வரிசையாக்கச் சொன்னேன். புதுப் பட்டா எண்ணே இல்லாமல், எல்லாத்துக்கும் முதலாளி மாதிரி, வெறும் பெயரோடு இருந்தது. ஐப்பசியில் ஒருநாள் பழைய ஃபைல்களை அழித்தபோது அந்த வெறும் பெயர் காலியாகியிருக்கிறது. அன்று இறங்கிய பெரியம்மா பட்டா அதில் போய் உட்கார்ந்துகொண்டது.

பையன்மேல் தப்புச் சொல்ல எனக்கு மனசில்லை. காலையிலிருந்து டீகூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தான். மழையில் அவ்வளவு பேர் கத்தும்போது ஒரு எழுத்தை யார் பார்ப்பார்?

ஆனால் அந்த ஒரு எழுத்து என்னை அப்புறம் ரொம்ப நாள் யோசிக்க வைத்தது. நிலத்துக்கு எண் போடுகிற முறை எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருக்கு பாருங்கள். 112 என்பது பெரிய புலம். அதில் பிரிந்தது 112/3. அது ரெண்டாகும்போது, அண்ணன் பங்கு 112/3 என்றே இருக்கட்டும், தம்பி பங்குக்கு மட்டும் புதுசாக எழுத்துப் போடலாம் என்று விடுவதில்லை. ஒன்று 112/3ஏ, இன்னொன்று 112/3பி. வெறும் 112/3 என்ற எண் நடப்பிலிருந்தே போய்விடுகிறது. ஏ மறுபடி பிரிந்தால் 112/3ஏ1, 112/3ஏ2. எண்ணைப் படித்தாலே இது யாருக்குப் பிள்ளை, யாருக்குப் பேரன் என்று தெரிகிறது. பழைய எண்ணோடு ஒரு காகிதம் வந்தால், அது பிரிவதற்கு முன்னால் உள்ளது என்று அந்த எண்ணே காட்டிக்கொடுத்துவிடும். எனக்கு அன்றைக்குக் காட்டிக்கொடுத்ததும் அதுதான். பம்புசெட்டு மாமாவுக்கு ஊர் செய்ததைத்தான் சர்வே கணக்கும் செய்திருக்கிறது. ரெண்டான பிறகு யாரையும் வெறும் பெயரோடு விடுவதில்லை.

பிரவுசர் ஏன் இப்படிச் செய்யக்கூடாது, ரெண்டாவது வரும்போது முதலாவதுக்கும் ஒரு எண் போட்டால் என்ன என்று பையனிடம் கேட்டேன். "முதலாவதை யாராவது அந்தப் பெயரிலேயே திறந்து வச்சிருக்கலாம்ப்பா, வேற ஏதாவது ஒரு புரோகிராம் அந்தப் பெயரை நம்பிக்கிட்டு இருக்கலாம். அவங்களைக் கேட்காம மாத்தினா அவங்களுக்கு ஃபைல் காணாமப் போயிடும்" என்றான். சரிதான். ஊரில் ஒருத்தருக்குப் பட்டப்பெயர் வைத்தால் நாலு நாளில் எல்லார் காதுக்கும் போய்விடும். கம்ப்யூட்டருக்குள் அப்படித் திண்ணை கிடையாது போல.

பெயருக்குப் பின்னால் ஒட்டுகிற எண் அர்த்தத்தோடும் இருக்கலாம் என்பதற்கு எங்க வயலிலேயே ஒரு சாட்சி உண்டு. சிஆர் 1009 என்று ஒரு நெல், நாங்கள் சாவித்திரி என்போம், பொன்மணி என்றும் சொல்வார்கள். டெல்டாவில் சம்பாவுக்குப் பேர்போனது. இப்போது சிஆர் 1009 சப் 1 என்று வருகிறது. முதலில் கேட்டபோது, ஏதோ ரெண்டாம் பதிப்பு, நகல் என்றுதான் ஊரில் பேசிக்கொண்டார்கள். சப் 1 என்பது ஒரு மரபணுவின் பெயர். ஒடிசாவின் பழைய நாட்டு ரகம் ஒன்றிலிருந்து வந்தது. அது இருந்தால் பயிர் ரெண்டு வாரம் வரை தண்ணீருக்குள் முழுகிக் கிடந்தாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, வடிந்ததும் மறுபடி துளிர்க்கும். ரெண்டு நெல்லையும் கையில் வைத்துப் பார்த்தால் என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. மூட்டையில் ஒட்டிய சீட்டில் சப் 1 இருக்கா என்று பார்த்துத்தான் வாங்கணும். பள்ளக்கால் வயலுக்கு அந்த ஒரு ஒட்டு எவ்வளவு பெரிய விஷயம் என்பது, வெள்ளம் வடிந்த மறுநாள் காலையில் வரப்பில் நின்றவனுக்குத்தான் தெரியும். சிட்டா (4)-ல் இருக்கிற 4 அப்படி எதையும் சொல்வதில்லை.

அதனால் இப்போது என் போனில் எந்தக் காகிதம் இறங்கினாலும் அன்றைக்கே பெயரை மாற்றிவிடுகிறேன். புல எண், யாருடையது, எந்த மாசம், வருசம். இவ்வளவுதான். சாய்கோடு மட்டும் போட விடாது. கம்ப்யூட்டருக்கு அது ஃபோல்டரைப் பிரிக்கிற குறியாம். அதனால் 112/3ஏ என்பதை 112-3ஏ என்று எழுதிக்கொள்கிறேன். கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. குரோம் செட்டிங்ஸில், ஒவ்வொரு ஃபைலையும் எங்கே வைப்பது என்று முன்கூட்டியே கேட்கிற மாதிரி வைத்துக்கொள்ளலாம். இறங்கும்போதே நம் இஷ்டத்துக்குப் பெயர் கொடுக்கலாம். அதில் ஒரு ஜாக்கிரதை: அங்கே ஏற்கனவே உள்ள பெயரையே கொடுத்தால், பழசுக்குப் பதிலாக இதை வைக்கவா என்று கேட்கும். ஆமாம் என்றால் பழசு போச்சு.

சென்டர் பையனும் இப்போது ஊர்வாரியாக ஃபோல்டர் போட்டுவிட்டான். போன தடவை போனபோது காட்டினான். எங்க ஊர் ஃபோல்டருக்குள் முருகையன் என்று நாலு ஃபைல். அடைப்புக்குறிக்குள் எண் இல்லை, ஒவ்வொன்றிலும் அப்பா பெயர். "பம்புசெட்டுன்னு போட்டாத்தான் தம்பி எங்களுக்குப் புரியும்" என்றேன். சிரித்தான்.

பெரியம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. பொங்கலுக்குப் போனபோது டிரங்குப் பெட்டியைத் திறந்து காகிதங்களைக் காட்டினார். அந்த வருசம் பயிர் தப்பித்துவிட்டது, இன்சூரன்ஸுக்கு வேலை வரவில்லை. புதுப் பட்டாவின் மூலையில் மஞ்சள் தடவி வைத்திருந்தார். எது எது என்று தெரியணுமே, அதற்காம். பழைய கூட்டுச் சிட்டாவும் பக்கத்திலேயே இருந்தது.

"அதுக்கு ஒன்னும் வைக்கலியா பெரியம்மா?" என்றேன்.

"வச்சிருக்கனே தம்பி. ஓரத்த லேசா கிழிச்சு விட்டுருக்கேன் பாரு" என்றார். பார்த்தேன், கிழித்திருந்தார், பெயர் இருக்கிற பக்கம் படாமல். "பழசுதானே, இனிமே எதுக்கு, போட்டுடலாமே" என்றதற்கு, வாங்கி மடித்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டே சொன்னார்: "அவுங்க பேர்ல இருந்த காயிதம் இது ஒன்னுதானே இருக்கு."